பற்றுச்சீட்டு

முதலில் பார்த்தது திங்கட்கிழமை, அத்-பஷியில்.
பச்சை நிற வெல்டிங் இயந்திரம்,
இடது தோளில் ஒரு நசுங்கல்,
கைப்பிடியில் யாரோ சுற்றிய சிவப்புத் துணி.
கருவி: உள்ளது. நிலை: நன்று.
ஏழாம் கட்டத்தில் சரி போட்டேன்.
கொடுத்த தேநீரைக் குடித்தேன்.

புதன்கிழமை, கணவாய்க்கு அந்தப் பக்கப் பள்ளியில்
அதே பச்சை.
ஒரே ஆலையில் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன்.
நசுங்கலைக் கண்டதும்,
ஆலையிலேயே நசுக்கி அனுப்புவார்களோ என்றுகூட.
மறுபடி தேநீர். மறுபடி சரி.
இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை, மூன்றாவது பள்ளிக்குப் போகும் வழியில்
ஓரமெல்லாம் மார்ச் மாதத்து அழுக்குப் பனி.
என் ஜீப்புக்கு முன்னால் ஒரு லாரி
வைக்கோல் போர்த்திய எதையோ ஏற்றிக்கொண்டு
வழிவிடாமல் ஓடியது.
காற்றில் வைக்கோல் விலகிய ஒரு கணம்
சிவப்புத் துணி என்னைப் பார்த்துக் கையசைத்தது.

பள்ளி இயக்குநர் தொக்தோசுன் வாசலுக்கே வந்தார்.
"உட்காருங்கள், பட்டறைச் சாவியைத் தேடுகிறார்கள்."
சாவி கிடைக்க நாற்பது நிமிடம் ஆனது.
அதற்குள் பின்கட்டில்
நாலு பேர் மூச்சு வாங்கும் சத்தம்,
கனமான ஏதோ தரையைத் தொடும் சத்தம்,
"மெதுவாடா" என்று ஒரு குரல்.

பதினொரு மாணவர்கள். பதினொரு நீல மேலங்கிகள்.
கடையில் மடித்த மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை.
ஆசிரியர் எசென்கான் படித்தது புவியியல்;
சுவரில் உலக வரைபடம் இருந்தது, அது நல்ல வரைபடம்.

ஓரத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டேன்,
இந்த இரண்டு தகட்டை இணைத்துக் காட்டுவாயா?
ஆசிரியர் அவளைப் பார்த்தார்.
இயக்குநர் ஆசிரியரைப் பார்த்தார்.
அவள், பெயர் பெர்மெத், இயந்திரத்தைப் பார்த்தாள்.

"ராடைக் காற்றில் நகர்த்தத் தெரியும்.
கோணம், வேகம், எங்கே மூச்சை நிறுத்த வேண்டும், எல்லாம்.
இரண்டு வருடமாகச் செய்கிறோம்.
பொறி பறந்தால் என்ன செய்வது என்றுதான் தெரியாது."

முகமூடியை இறக்கினாள்.
ராடு ஒட்டிக்கொண்டது. இழுத்தாள். மறுபடி ஒட்டியது.
மூன்றாம் முறை அறை முழுக்க வெள்ளை.
பத்துப் பேரும் கண்ணை மூடாமல் பார்த்தார்கள்;
மூடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை,
எனக்கும்.

ஆறியதும் தகட்டைத் தரையில் போட்டேன்.
இரண்டாகப் பிரிந்து
இரண்டு வேறு ஓசைகளில் விழுந்தது.
குனிந்து எடுத்தவள் முறிந்த விளிம்பை
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"உள்ளே இறங்கவில்லை," என்றாள்.
"மேலே மட்டும் பிடித்திருக்கிறது."

நாற்பத்திரண்டு கட்டங்களில் எதிலும்
இதை எழுத இடமில்லை.
தகடுகளைச் செய்தித்தாளில் சுற்றி
அறிக்கையோடு பிஷ்கெக்குக்கு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது:
இணைப்பு, படிவத்தின் அளவில் இல்லை.
மேலும், பள்ளிச் சொத்தைப்
பற்றுச்சீட்டு இல்லாமல் எடுத்துச் சென்றதற்கு
விளக்கம் தேவை.

பற்றவைத்தது பற்றவில்லை.
அதற்குப் பற்றுச்சீட்டு.

விளக்கம் எழுத உட்கார்ந்தேன்.
திங்கள், ஏழாம் கட்டம்: நான் போட்ட சரி, தவறு.
புதன், ஏழாம் கட்டம்: அந்தச் சரியும் தவறு.
அடுத்த வரிக்குப் பேனா நகரவில்லை.
வேலை போகுமா என்று கணக்குப் போட்டேன், பொய் எதற்கு,
மகனின் கல்லூரிக் கட்டணத்தையும்தான்.

அப்போது தொலைபேசி. தொக்தோசுன்.
மறு ஆய்வுக்காக இயந்திரம் திரும்ப வந்ததாம்,
நாளை அத்-பஷிக்குப் போயாக வேண்டுமாம்,
லாரி வாசலில் நிற்கிறதாம்.
"பட்டறைச் சாவி கிடைக்கவில்லை," என்றார்,
"இந்த முறை நிஜமாகவே.
உள்ளே இருந்து வெளிச்சம் வருகிறது."

தேடுங்கள் என்றேன்.
அவசரம் இல்லை என்றேன்.