ஒட்டுப்பலகைச் சுவர்

விடுதியின் பெயரே மூன்று நட்சத்திரம்.
"பெயருக்கு யார் வரி கேட்கிறார்கள்?" என்பாள்
தோனியா சபினா.
இருபத்தைந்து சோல், முன்பணம்.
அரைச் சுருள் கழிவறைக் காகிதம்,
தீப்பெட்டியை விடச் சின்னதாய் ஒரு சோப்பு,
கட்டை கோத்த சாவி.
கட்டையில் சூடு போட்டு எழுதிய ஏழு.

அயவிரியில் ஆகஸ்ட் மாதம்
பகல் தோலை உரிக்கும்,
இரவில் வாளித் தண்ணீர் உறையும்.
ஐந்து கம்பளி தந்தாள்.
ஐந்திலும் புலி.
ஐந்து புலிகளுக்கு அடியில் அசையாமல் கிடந்தேன்,
அல்பாக்காவுக்குப் பூச்சிமருந்து விற்கிற
அரெகிப்பாக்காரன்.

அறைக்கு ஜன்னல் உண்டு.
தாழ்வாரத்தைப் பார்த்துத் திறக்கும்.
அங்கே ஒரு குழல்விளக்கு;
அதுதான் நிலா.
அதன் விசை தோனியா சபினாவின் தலைமாட்டில்.

மறுநாளே போயிருக்க வேண்டும்.
பால் விலை கேட்டுச் சாலையை மறித்துவிட்டார்கள்.
ஹுலியாக்கா பக்கம் பாறை,
குஸ்கோ பக்கம் எரியும் டயர்.
பேருந்து நிலையத்தில் நாய்கள் மட்டும் வரிசையில்.
"நாளைக்குத் திறந்துவிடும்" என்றான் சீட்டு விற்கிற பையன்,
நேற்றும் சொன்ன முகத்தோடு.

எட்டாம் அறைக்கும் எனக்கும் நடுவில்
ஒட்டுப்பலகை,
அதன்மேல் பூப்போட்ட காகிதம்.
வந்த இரவே கேட்டது:
"மாண்புமிகு நீதிபதி அவர்களே,
என் பெயர் எவாரிஸ்தா துர்ப்போ.
ஊற்றுக்கு மேற்கே உள்ள மேய்ச்சல் நிலம் என்னுடையது.
என் கணவர் இறந்த வருஷம்
கொழுந்தன் கல்லை நகர்த்தினார்."

இரவல் செருப்பில் நடக்கிற ஸ்பானிய மொழி.
நடுவே ஒரு சொல் வரும்,
கொலிந்தாந்தே:
எல்லை ஒட்டிய நிலத்துக்குக் கோர்ட்டு வைத்த பேர்.
"கொலின்... கொல்தி..."
அங்கே இடறுவாள்.
கெச்சுவாவில் தன்னையே திட்டிக்கொள்வாள்.
மறுபடியும் மாண்புமிகு நீதிபதி அவர்களே.

முதலில் எரிச்சல்தான்.
சுவரைத் தட்டக் கையை எடுத்தேன்;
குளிர், உள்ளே இழுத்துக்கொண்டேன்.
இரண்டாம் இரவு எண்ணினேன்,
பதினான்கு தடவை.
காலையில்,
தொட்டால் சுரீரென்று அடிக்கும் வெந்நீர்க் குழாய்க்கடியில்
என் வாய் தானாகச் சொன்னது:
ஊற்றுக்கு மேற்கே உள்ள மேய்ச்சல் நிலம் என்னுடையது.
அந்த நிலத்தை நான் பார்த்ததில்லை.
அந்தக் கொழுந்தனை மட்டும்
ஏனோ பிடிக்கவில்லை.

மூன்றாம் இரவு மின்சாரம் போனது.
நிலாவும் போனது.
இருட்டில் தொடங்கினாள்.
நீதிபதி, பெயர், ஊற்று, கணவர், கல்.
"கொலி..."
நின்றது.

"கொலிந்தாந்தே" என்றேன்
சுவரைப் பார்த்து.

நெடுநேரம் ஒன்றுமில்லை.
தெருமுனையில் ஒரு மோட்டார் ரிக்‌ஷா
கிளம்பமாட்டேன் என்று இருமியது.
வெட்கமாகப் போயிற்று.
புலிகளைத் தலைக்குமேல் இழுத்தேன்.
அப்புறம், காகிதப் பூவுக்கு வெகு அருகில்:
"இன்னொரு தடவை."

சொன்னேன்.
ஆட்டுக்கு எத்தனை மில்லி என்று
மேய்ப்பர்களுக்குப் பிரித்துச் சொல்வேனே, அப்படி.
கொ. லிந். தாந். தே.
சொன்னாள்.
சரியாகச் சொன்னபிறகும் ஒரு தடவை சொன்னாள்.

விடியும்போது சாலை திறந்திருந்தது.
எட்டாம் அறைப் பூட்டு வெளியே தொங்கியது.
பதிவேட்டை என் பக்கம் திருப்பி
"ஒன்பது மணிக்குக் கோர்ட்டு, இப்போதுதான் போனாள்" என்றாள்
தோனியா சபினா, நான் கேட்காமலே.

எனக்கு மேல்வரியில்
ஊதா மையில் ஒரு கட்டைவிரல்.
என் கையெழுத்தின் வால்
எப்போதும் கொஞ்சம் மேலே சுழலும்.
அது கோட்டைத் தாண்டிப் போய்
ஈரத்தைத் தொட்டுவிட்டது.
விரலின் ஓரத்து ரேகைகள் இரண்டு
என் பக்கம் இழுபட்டன.

துடைக்கப் போனேன்.
"விடு, இன்னும் மோசமாகும்" என்றாள்,
சாவிக்குக் கையை நீட்டியபடி.