சின்னக் கரண்டி

பள்ளிக்கூட வேனாக இருந்தது இது.
இருக்கைகளைக் கழற்றி விற்று
அடுப்பு வைத்தேன்.
'அவசர வழி' என்று எழுதிய கதவைத் தூக்கிவிட்டால்
அதுதான் கடை.

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை மேம்பாலத்துக்குக் கீழே,
மாலை ஆறுக்கு மேல்
குஸ்கா ஐம்பது, பிரியாணி நூறு.
இடைப்பட்ட ஐம்பதில்
மூன்று துண்டு கறியும்
வெளியே சொல்ல முடியாத என் லாபமும் இருக்கின்றன.

குஸ்கா கேட்பவர்கள்
தட்டை வாங்கியதும் சாப்பிடுவதில்லை.
முதலில் கிளறுவார்கள்.
வழிதவறி ஒரு துண்டு வந்திருந்தால்
என்னைப் பார்க்காமல் சோற்றால் மூடிக்கொள்வார்கள்.
நானும் பார்க்காமல் இருப்பேன்.
அது வழிதவறி வருவதில்லை.
வாரம் ஒருமுறை, ஆள் மாற்றி.

சித்திரையில் எண்ணெய் ஏறியது, பின்னாலேயே சிலிண்டர்.
ஐம்பத்தைந்து என்று பலகையைத் திருத்தினேன்.
லோடுமேன் திம்மராயன் படித்தான்,
பைக்குள் கையை விட்டான்,
எதிர் வண்டிக்கு முட்டை தோசை தின்னப் போய்விட்டான்.
அங்கே அறுபது.
"அங்க எப்பவுமே அறுபதுதான பாய்" என்றான் மறுநாள்.

ஐந்தை அழித்தேன்.
பழையபேட்டைக்குப் போய்
ஒரு சின்னக் கரண்டி வாங்கிவந்தேன்.
விலை அதே. தட்டும் அதே.
சோறு மட்டும் தட்டின் ஓரத்தைத் தொடவில்லை.

யாரும் எதுவும் கேட்கவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.
பார்சல் வாங்குபவர்கள் பொட்டலத்தை
உள்ளங்கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்தார்கள்.
ஒன்றை வாங்கி இருவராகப் பிரித்துத் தின்னும்
மாங்கூழ் கம்பெனிப் பெண்கள்
அந்த ஒன்றையும் வாங்காமல் பஸ் ஏறினார்கள்.
வியாழக்கிழமை தேக்சாவில் கால்வாசி மிச்சம்.

வெள்ளிக்கிழமை
கரண்டியை மாற்றவில்லை, கையை மாற்றினேன்.
இன்னும் குறைத்துப் போட்டேன்.
காசை வாங்கி, சில்லறை கொடுத்து,
அவர்கள் திரும்பும்போது கூப்பிட்டேன்:
"இருங்க, தட்டக் காட்டுங்க."
மேலே ஒரு அரைக் கரண்டி.

இரண்டையும் கூட்டினால் வியாழக்கிழமை போட்டதுதான்.
ஒரு பருக்கை அதிகமில்லை.
ஆனால் இப்போது அதில் பாதிக்கு
கொசுறு என்று பெயர்.
"பாய் அளவு பாக்கமாட்டாரு" என்று சொல்லி
திம்மராயன் இரண்டு பேரைக் கூட்டிவந்தான்.

சிவரஞ்சனி மட்டும்,
கம்பெனியில் டப்பா எடை போடுகிறவள்,
மூன்று நாள் என் கையையே பார்த்தாள்.
நாலாம் நாள் கிட்டே வந்து
யாருக்கும் கேட்காமல் சொன்னாள்:
"மொத்தம் பழசவிடக் கம்மிதான பாய்?"

கரண்டி நடுவழியில் நின்றது.

"பரவால்ல, போடுங்க."
தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள்.
"ரெண்டாவது தரம் கூப்புட்டுப் போடறீங்க இல்ல,
அது நல்லாத்தான் இருக்கு."

அரைக் கரண்டிதான் போட்டேன்.
கொஞ்சம் அழுத்தி.