வாடை என்ற கட்டம்

மலாயில் அச்சடித்த பதிவேடு.
தேதி, மழை, நீர்மட்டம், நிறம்,
மோட்டார் ஓடிய மணி,
சல்லடையில் வாரிய வாளி.
கடைசிக் கட்டம் பாவ். அதாவது வாடை.

பதினோரு வருடம் இந்தக் குளக்கரையில் நின்றவளுக்கு
மூக்கு எப்போதோ வேலையை விட்டுவிட்டது.
ஆபீசில் நான் அதைச் சொல்லவில்லை.

பழைய லயத்தில் நாற்பது வீடு,
தாமானில் இருநூற்றுப் பத்து,
ஆ கியோங் மளிகை, சூராவ், கோயில், தமிழ்ப்பள்ளி.
எல்லார் கழுவியதும்
செம்பனை வரிசைக்கு அடியில்
ஒரே குழாயில் என்னிடம் வருகிறது.
மேலே முகம் பார்க்காதவர்களும்
கீழே சேர்ந்துதான் வருகிறார்கள்.

பாதிப் பேரைப் பார்த்ததில்லை,
ஆனால் சல்லடைக் கம்பியில் தெரியும்.
தீபாவளிக்கு முந்தின இரவு
முறுக்கு சுட்ட எண்ணெய் வெள்ளைக் கட்டியாய்,
நோன்புப் பெருநாளுக்குத் தேங்காய்ச் சக்கை,
பள்ளி லீவென்றால் பத்து மணிக்கு நீர் இளைக்கும்.
ஒருநாள் குழந்தையின் ஒற்றைச் சப்பாத்து வந்தது.
காயவைத்து வேலியில் மாட்டினேன்,
யாரும் தேடி வரவில்லை.

சீனப் புதுவருட லீவில் எவனோ
செம்புக்காக மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போனான்.
பன்னிரண்டு மீட்டர்.
உடும்பைத் தவிர சாட்சி இல்லை.
காற்று நின்ற குளத்துக்கு
மூன்றாம் நாள் முகம் கறுத்தது.
ஐந்தாம் நாள் அடிச்சேறு மேலே வந்து
குமிழ் குமிழாய்ப் பேசத் தொடங்கியது.
எனக்குக் கேட்க மட்டும்தான் செய்தது.

ரோஸ்லிக்குப் போன் அடித்தேன்.
"ஆர்டர் போட்டாச்சு, காக்."
நாலு வாரமும் போட்டாச்சு, போட்டாச்சு.

தாமானில் கூட்டம் கூடியது.
குளத்தை வேறெங்காவது மாற்றச் சொல்லி
நூற்று நாற்பத்தாறு கையெழுத்து.
வேறெங்காவது என்ற ஊருக்கு
எந்த பஸ் போகிறது என்று
மனுவில் யாரும் எழுதவில்லை.
முதல் கையெழுத்து சாப்பாட்டுக் கடை வேதாசலம்.
பொரித்த எண்ணெயைத் தினமும்
வாளியோடு என்னிடம் சாய்ப்பவர்.
அவர் கடையில்தான் பசியாறுவேன், அன்றும் போனேன்.
தோசைக்கு ஒரு கரண்டி சட்னி கூடவே ஊற்றினார்.
அவரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

நீள மூங்கிலோடு ஓட்டைப் படகில் ஏறி
மேலே தடித்த ஆடையைக் குத்திக் குத்தி உடைத்தேன்,
காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று.
மோட்டார் ஒரு மணியில் செய்வதை
என் தோள் ஒரு மாதத்திலும் செய்யாது.
தெரிந்துதான் குத்தினேன்.

பிறகு கேபிள் வந்தது,
பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியோடு.
துடுப்பு அசைந்ததும் குளம் இருமியது,
பழுப்பாய்த் துப்பியது,
ராத்திரி முழுக்க இருமிக்கொண்டே கிடந்தது.
ஒன்பதாம் நாள்
மூன்றாம் குளத்து ஓரத்தில் நகக்கண் அளவு பச்சை.

வாடைக் கட்டத்தை நான் நிரப்பும் விதம் இதுதான்:
ஆறு ஐம்பதுக்குப் பள்ளி பஸ்
குளத்தைச் சுற்றி வளைகிறது.
பதினாறு ஜன்னல்.
எத்தனை மூடுகிறது என்று எண்ணுவேன்.
எல்லாம் மூடினால் கடுமை, பாதி என்றால் உண்டு.
கேபிள் இல்லாத நாளெல்லாம் பதினாறு.
போன வாரம் பத்து. திங்களன்று நாலு.

இன்று பஸ் வளைந்தபோது
பதினைந்து திறந்திருந்தன.
ஒரு பையன் கையை வெளியே விட்டுக்
காற்றை அளைந்துகொண்டு போனான்.
கடைசி ஜன்னல் மட்டும் மூடியிருந்தது.
கண்ணாடியில் கன்னம் வைத்து ஒரு சிறுமி.
குளிருக்கா, தூக்கத்துக்கா, எனக்கா,
தெரியவில்லை.

பேனாவை உதறிவிட்டு
"சிறிது" என்று எழுதினேன்.