ஆங்காங்கே

பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே
தகரக் கூரைக்கடியில் மொழிபெயர்க்கிறேன்.
இன்று ஐகோர்ட்டில் போலீஸ் போட்ட பதில் மனு,
ஆங்கிலத்தில் பதினொரு பக்கம்.
ஆறாவதில் மாட்டிக்கொண்டேன்.

கூட்டம் ஸ்கேட்டர்டு.
அவ்வளவுதான் வாக்கியம்.
கலைந்தது என்றால்
பள்ளிக்கூடம் விட்டதுபோல் அவர்களாகவே போனார்கள்.
கலைத்தார்கள் என்றால்
யார் என்று ஒரு கேள்வி
கூண்டில் ஏறி நிற்கும்.
ஒரு மெல்லினத்துக்கும் ஒரு வல்லினத்துக்கும் நடுவே
லத்தி இருக்கிறது தமிழில்.
அந்தச் சொல்லுக்கு
இரண்டு பக்கமும் ஒரே முகம்.

அகராதி தூவு என்கிறது,
தூவினால் அட்சதை.
தெளி என்கிறது, அது வாசலுக்கு.
இறைக்கலாம்:
கிணற்றை, அல்லது சம்பளத்தை.
விசிறு என்றும் இருக்கிறது.
சிங்காரத்தோப்பில் வலையை விசிறுகிறவன்
எதையும் கலைப்பதற்கு விசிறுவதில்லை,
அள்ளுவதற்கு.
பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்தால்
ஓடு தரையைத் தொடுமுன்
பொறுக்கக் கைகள் வந்துவிடும்.
செத்தவர் சாம்பலுக்கும் அவர்களிடம் இதே சொல்தான்.
நாம் தேவனாம்பட்டினத்தில் கரைக்கிறோம்.
அப்பாவைக் கரைத்தேன்.
சிதறடித்தேன் என்று சொல்ல
நாக்கு ஒப்பவில்லை, இப்போதும்.

பின்னிணைப்பில் ஆஸ்பத்திரிச் சான்றிதழ்.
அஞ்சலாட்சி, வயது நாற்பத்தாறு.
முதுகில் ஸ்கேட்டர்டு காயங்கள்.
கை பழக்கத்தில் அடித்துவிட்டது:
ஆங்காங்கே.
வானிலை அறிக்கையின் சொல்.
கடலோர மாவட்டங்களில் ஆங்காங்கே
லேசானது முதல் மிதமானது வரை.

அடுத்த தாளில் கைப்பற்றிய பொருட்கள்:
காலிக் குடம் ஒன்பது,
ஒற்றைச் செருப்பு முப்பத்தேழு,
சாலையில் சிதறிக் கிடந்தவை.
இங்கே தயக்கமே இல்லை.
சிதறி.
தண்ணீர் கேட்டு உட்கார்ந்த தார்ச்சாலையில்
கால் இல்லாமல் செருப்பு எங்கே ஓடும்?

வக்கீல் குமாஸ்தா எத்திராசலு
படிக்கட்டிலிருந்தே கத்தினார்:
எதுனா ஒண்ணு போடுங்க சார்,
நாளைக்கு வாய்தா.
பின்னாலேயே அந்தம்மா.
வாசலில் கழற்றிவிட்டது
ஒரு கால் நீலம், ஒரு கால் காப்பிப்பொடி நிறம்.
எங்களப் பத்தி இன்னா எழுதிகீறாங்க?

படித்துக் காட்டினேன்.
கூட்டம் கலைந்தது.

கலையறதுக்கு நாங்க இன்னா மேகமா?
என்று சிரித்தாள்.
பிறகு சிரிக்கவில்லை.
எம் மருமவளுக்கு அன்னிக்கு ராத்திரி கலஞ்சிபோச்சி,
அது இருக்குதா இதுல?

பதினொரு பக்கத்தையும் மறுபடி புரட்டினேன்,
இல்லை என்று தெரிந்தே.

எழுவாய் சேர்க்க எனக்கு உரிமை கிடையாது.
உள்ளதை உள்ளபடி என்று
கடைசித் தாளில் கையெழுத்துப் போடுகிறவன் நான்.
அடித்ததை அழித்து அழித்து
இரண்டு எழுத்தில் நிற்கிறது இப்போது:
கலை.
அதுவும் சும்மா இல்லை,
மெகாபோனில் யாரோ அதட்டியதுபோல்
திரையில் துடிக்கிறது.

எத்தினி பக்கம் ஆச்சி, என்கிறாள்,
முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டு.
அஞ்சு, என்றேன்.