வியாழன் சந்தையில் ஒரு திருத்தம்

வியாழக்கிழமை பசார் மாலாமில்
அப்பம் பாலிக் வண்டிக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே
மடக்கு மேசை போட்டிருக்கிறோம்.
மழை வந்தால் தாளை மூட
ஓர் உரச்சாக்கு.

“என் தம்பி சர்குணன்” என்று தொடங்குவதை
மூன்றாம் வாரமே விட்டுவிட்டேன்.
கண் கலங்குகிறார்கள், கையெழுத்துப் போடுவதில்லை.
இப்போது கேட்பது இதுதான்:
மூன்றடிக் கழிவறையில்
ஒருவன் எத்தனை தரம் வழுக்கி விழலாம்?

குலை வெட்டும் பரஞ்சோதி
பேனாவை அரிவாளாய்ப் பிடித்து எழுதினார்.
மீன்கார ஆ ஹூவாட் சீனத்தில் போட்டார்.
வாத்தியார் ஒருவர் பென்சன் போய்விடும் என்றார்,
இரண்டு வெள்ளிக்குச் சோளம் வாங்கி வைத்துவிட்டு
திரும்பிப் பார்க்காமல் போனார்.

கடைகளைப் பிரிக்கும் நேரம் ஒருவர் வந்தார்.
சட்டை மாற்றியிருந்தார்,
சப்பாத்தை மாற்றவில்லை.
நின்றபடியே முழு மனுவையும் படித்தார்.
“பேனா இருக்கா?”

நான்காம் கோரிக்கை:
லாக்காப்பு அறைகள் எல்லாவற்றிலும் கேமரா.
அதன் ஓரத்தில், பொடி எழுத்தில்,
மலாயில் சேர்த்தார்:
பின்பக்கத்து ஸ்டோர் அறையிலும்.

பெயர் எழுதவில்லை.
பேனாவையும் திருப்பித் தரவில்லை.

பதினொரு மாத விசாரணையில்
அப்படி ஓர் அறை இருப்பதாக
ஒரு வாயும் சொன்னதில்லை.

மழை பிடித்துக்கொண்டது.
மற்றத் தாள்களுக்கு உரச்சாக்கு.
அதை மட்டும்
சட்டைக்குள் வைத்து மோட்டாரை முடுக்கினேன்.
போலீஸ் நிலையத்தைக் கடக்கும்போது,
முதல் தடவையாக,
கட்டடத்தின் பின்பக்கத்தைப் பார்த்தேன்.
விளக்கு எரிந்தது.