பெயர்ப்பட்டி

லாங்கெந்தால் முதியோர் இல்லத்தின்
நிலத்தடிச் சலவை அறையில்
காலை ஆறரைக்கே எனக்குப் பெயர்களோடு வேலை.
சட்டை, உள்ளாடை, இரவு அங்கி
எல்லாவற்றின் கழுத்திலும் வெள்ளைப் பட்டி வைத்துப்
பன்னிரண்டு விநாடி சூட்டில் அழுத்தவேண்டும்.
காலுறைக்குக் கழுத்தில்லை, விளிம்பில்.
ஃப்ரீடா 214. ஓட்டோ 109.
ஹெட்விக் 220.
எம்மா, எம்மா, எம்மா,
மூன்று எம்மாவுக்கும் மூன்று அறை.

பின்னேரம் மூத்தவளைக் கூட்டிவரப் போனால்
பிள்ளைகள் காப்பகத்தின் கொளுக்கிகளுக்கு மேலே
அதே பெயர்கள்,
முயல், யானை, நத்தைப் படங்களோடு.
ஓட்டோவுக்கு மூக்கு ஒழுகுகிறது.
எம்மா எம்மாவைக் கடித்துவிட்டாளாம்.
எங்கள் டிஷானிகாவின் பெயர் மட்டும்
இடம் போதாமல் மடங்கி
இரண்டு வரியில் நிற்கிறது.
ஹெட்விக்கை இன்னும் ஒருவரும் கூப்பிடவில்லை.

அன்யா, என்னோடு இஸ்திரி போடுகிறவள், சொல்வாள்:
அம்மாவின் பெயர் அலுப்பு.
பெரியம்மாவின் பெயர் இருமும்.
அந்தப் பெயரோடு பழகிய முகம்
ஒன்றும் மிச்சமில்லாதபோதுதான்
அது வாசம் போய், வெளுத்து,
பிள்ளைக்கு அளவாகச் சுருங்கும்.
சலவைக்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஃப்ரீடா 214 மார்கழியில் போனார்.
அன்யாவுக்குத் தையில் பெண்பிள்ளை.
மிஞ்சிய முப்பத்தொரு பட்டிகளில்
இலக்கத்தை மட்டும் வெட்டிவிட்டுக் கொண்டுபோய்,
வேண்டுமா என்று தயங்கித்தான் கேட்டேன்.
"யா, யா" என்றாள்,
இந்த ஊரில் ஆமென்றால் யா.
எண்ணிப் பார்த்துவிட்டு
"காலுறைக்கே காணாது" என்றாள்.

எனக்கு அப்போது ஏழு மாதம்.
பாரிஸிலிருந்து மைத்துனி அனுப்பிய பட்டியலில்
த்ரிஷ்விக், யக்ஷிவ், ரியோவன்.
கூட்டினால் எண் ஐந்து வரும்.
கருத்துக் கேட்டால் "சூரியன் மாதிரி ஏதோ" வரும்.
பழசு ஒன்று வைப்போமா என்றேன் பகிடியாய்,
இளையதம்பி? நாகமுத்து? கந்தன்?

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

அவருடைய அப்பாவுக்கு
வீட்டில் வைத்த பெயர் கந்தையா.
பதிய உட்கார்ந்த விதானையார்
பேனையை மையில் தோய்த்து,
"உங்கட ஆக்களுக்கு என்னத்துக்கு யா?" என்று
கந்தன் என எழுதி மூடினாராம்.
பள்ளி இடாப்பில் கந்தன்.
கூப்பன் அட்டையில் கந்தன்.
அறுபத்தெட்டாம் வயதில்
மரணச் சான்றிதழிலும் அதே.

அன்றிரவு படுத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன்:
கந்தன், நாலெழுத்து.
கந்தையா, அதுவும் நாலெழுத்து.
இடம் போதவில்லை என்றும்
அந்த மனிதர் சொல்லியிருக்க முடியாது.

பங்குனியில் பொடியன் பிறந்தான்.
படிவத்தோடு வந்த தாதிக்கு
அவர் எழுத்தெழுத்தாகச் சொன்னார்.
கடைசியில் ஒலிக்காத 'ஹா' ஒன்று உண்டு.
கேட்காத எழுத்து எதற்கு என்றாள் அவள்.
"போடுங்கோ," என்றார். "எல்லாத்தையும் போடுங்கோ."

மைத்துனி போனில் தலையில் அடித்துக்கொண்டாள்:
"ஐயோ, கிழவன்ர பெயர்! பழம் பஞ்சாங்கம்!"
எந்தக் கிழவன்?
தைத்து வைத்து
எண்பது வருஷமாகிறது என்பது மெய்தான்.
ஆனால் எங்கள் வீட்டில்
இந்தச் சட்டையை
இன்னும் ஒருவரும் உடுக்கவில்லை.

ஐம்பது பட்டி அடித்தேன், மெஷின் சூடாயிருந்தபோதே.
பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு
இரண்டாம் மாடிக்கு.
220இல் ஹெட்விக் கட்டிலில் நிமிர்ந்து
பெயர் என்ன என்று கேட்டார்.
சொன்னேன்.
காது மந்தம். இன்னொரு தரம் சொன்னேன்,
சத்தமாய், அசையசையாய்.
முன்பாதி அவருக்குப் பிடிபடவில்லை.
கடைசி அசையை மட்டும் பிடித்துக்கொண்டு
அவன் காலுறையை இழுத்துவிட்டபடி
"யா?" என்றார்.
யா, என்றேன்.