அமுக்கு, பிடி, விடு

மூன்று நாளாக எங்களுக்குள் பேச்சில்லை,
இப்சம் வாசலுக்கு வந்ததிலிருந்து.
வண்டிக்குப் பதினேழு வயது. ஸ்டியரிங் வலப்பக்கம்.
கதவிடுக்கில் ஒரு ஜப்பானிய ஸ்டிக்கர்:
எழுத்து புரியாது, எண் புரிகிறது.
ஆயில் மாற்றிய நாள், அதுவரை ஓடிய கிலோமீட்டர்,
யாரோ கருப்பு மையில் கோணாமல் எழுதியது.
அதற்குப் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை.

"எல்லாம் மாத்தியாச்சு அண்ணே" என்றானாம் ஜார்கல்.
கொம்போசுரென் தலையாட்டிவிட்டு
பணத்தை எண்ணிக் கொடுத்திருக்கிறான்,
என் வெல்டிங் படிப்புக்கு வைத்திருந்த பணத்தை.

நான் டிராலிபஸ் டிப்போவில் வேலை செய்பவள்.
வாய்ச்சொல்லை நம்புவதற்கு எனக்குச் சம்பளமில்லை.
ரேடியேட்டர் மூடியைத் திறந்து
சோதனைக் குழாயில் கொஞ்சம் உறிஞ்சினேன்.
முள் மைனஸ் ஒன்பதில் நின்றது.
நேற்றிரவு உலான்பாத்தரில் மைனஸ் எட்டு.
இது அக்டோபர்தான்.
யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்,
பால்காரர் கலப்பதைப் போல, கூசாமல்.
ஜனவரியில் அது பனிக்கட்டியாகி வீங்கி
என்ஜின் பிளாக்கைப் பிளந்திருக்கும்.

கண்டெய்னர் கராஜின் கதவைச் சாத்தினேன்,
குளிருக்கு அல்ல, நாய்க்காக.
கூலண்ட் தித்திக்கும். நக்கினால் செத்துப்போகும்.
அடித்திருகைத் தளர்த்தியதும்
துருச்சாறு மாதிரி கொட்டியது,
இளஞ்சிவப்பாய் இருந்திருக்க வேண்டியது.
சுத்த நீர் விட்டு அலசினேன். இரண்டாம் முறையும் பழுப்பு.
நான்காம் முறை தட்டின் அடி தெரிந்தது.
என்ஜின் ஆயில் கரிக்குழம்பு.
கியர் ஆயிலில் கருகல் வாடை.
ஒவ்வொன்றுக்கும் ஜார்கல் பேரைச் சொன்னேன்,
ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அடைமொழியோடு.

பிரேக்குக்கு வந்தபோதுதான் சிக்கல்.
அதற்கு இரண்டு பேர் வேண்டும்,
பெடலுக்கு ஒரு கால், திருகுக்கு ஒரு கை.
ஸ்பேனரால் கண்டெய்னரின் தகரத்தைத் தட்டினேன்.
வந்தான். ஏறி உட்கார்ந்தான்.

"அமுக்கு" என்றேன் வண்டிக்கடியிலிருந்து.
மூன்று நாளில் முதல் வார்த்தை.
"பிடி."
திருகைத் திறக்க, குழாயில் கட்டஞ்சாயா நிறத்தில்
பழைய திரவம், இடையிடையே காற்று.
மூடினேன்.
"விடு."
இடது பின்சக்கரத்துக்கு இருபது தடவை.
வலது பின்சக்கரத்துக்குப் பதினைந்து.
அமுக்கு. பிடி. விடு.
அமுக்கு. பிடி.

மூன்றாவது சக்கரத்தில் கேட்டேன்:
"பிடிச்சிருக்கா?"
பெடலைத்தான் கேட்டேன்.
கொஞ்ச நேரம் பதிலில்லை.
"பிடிச்சிருக்கு" என்றான்,
வண்டியைச் சொன்னானோ, என்னைச் சொன்னானோ.
திருகை மூடி வெகுநேரம் ஆகியும்
நான் விடு என்று சொல்லவில்லை.
அவன் முழங்கால் நடுங்கியது வண்டியில் தெரிந்தது.
நடுங்கட்டும்.

புதுக் கூலண்ட் ஊற்றி என்ஜினை ஓடவிட்டோம்.
மூடி திறந்தபடியே, ஹீட்டர் முழுவீச்சில்.
மேல்குழாயை அமுக்க அமுக்க
உள்ளே சிக்கிய காற்று ஏப்பமாய் வந்தது.
முன்சீட்டில் இருவரும் ஜாக்கெட்டோடு காத்திருந்தோம்.
ஜன்னல்துளையில் முதலில் குளிர்காற்று,
பிறகும் குளிர்காற்று,
அதன் பிறகு, அவன் கையுறையைக் கழற்றி நீட்டியபோது, வெந்நீர்ப் பையின் சூடு.

கதவைத் திறந்து ஸ்டிக்கரைத் துடைத்தேன்.
அவன் டார்ச் பிடித்தான்.
அந்த நேர்க்கோட்டு எழுத்துக்குக் கீழே
மரத்த விரல்களால் தேதி எழுதினேன்,
கிலோமீட்டரும் எழுதினேன்,
நாய் கிறுக்கியது போலிருந்தது.

வீட்டுக்குள் போனவன் கரண்டியில் பாலோடு வந்தான்,
புது வண்டிக்குத் தெளிக்க.
"காசு கொடுத்து வாங்கிய திரவமெல்லாம் ஊத்தியாச்சு,
இதையும் ஊத்து" என்றேன்,
"கண்ணாடியில வேணாம், உறைஞ்சிடும். டயர்ல."

படிப்புப் பணத்தைப் பற்றி
இன்னும் பேசவில்லை.
முன் வலது சக்கரம் பாக்கியிருக்கிறது.